அளந்து மறந்த மனிதர்

ராஜாளி என்ற பெயரை அவர் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட காலத்தில் தலையில் முடி இருந்தது, மூக்கில் கண்ணாடி இல்லை. இப்போது நிலைமை தலைகீழ். ஆனாலும் 'ராஜாளி துப்பறியும் நிலையம்' என்ற பலகையை அவர் மாற்றவில்லை. ஆணி துருப்பிடித்துச் சுவரோடு சுவராகிவிட்டது என்பது வெளியே சொல்லும் காரணம். புதுப் பெயர் எதுவும் தோன்றித் தொலைக்கவில்லை என்பது உள்ளே இருக்கும் காரணம்.

அவருடைய உதவியாளருக்குப் பெயர் ஊசி. காப்பீட்டு நிறுவனத்தில் பொய்க் கோரிக்கைகளைப் பொறுக்கி எடுக்கும் வேலையில் இருந்தவள். உண்மை பேசுகிறவர்களைப் பார்த்தால் தலை சுற்றுகிறது என்று அந்த வேலையை விட்டுவிட்டு, அந்த ஆபத்து அதிகம் இல்லாத இவரிடம் வந்து சேர்ந்தாள்.

நினைவிழப்பு நோய்க்கு மருந்து தேடும் ஆராய்ச்சி நிலையம் ஒன்று அவர்களை அழைத்திருந்தது. அதன் வாசலில் காவலாளி அவள் பெயரைக் கேட்டார்.

"ஊசி."

"ஊசி போடறது ரெண்டாவது மாடிம்மா."

"நாங்க டாக்டரைப் பாக்க வந்திருக்கோம்."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. வந்ததும் எதுக்கு வந்தோம்னு மறந்துடறாங்க." காவலாளி ராஜாளியை ஏற இறங்கப் பார்த்தார். "ஐயாவுக்கு எத்தனை நாளா இருக்கு?"

ராஜாளி விறுவிறுவென்று மாடி ஏறினார். ஊசி சிரிப்பை அடக்குவதற்காகக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

நிலையத்தின் தலைவியான டாக்டர், கொண்டையில் பேனாவைச் செருகிக்கொண்டு மேஜை முழுக்கப் பேனா தேடிக்கொண்டிருந்தார். ஊசி கிட்டே போய் அதை உருவிக் கொடுத்தாள்.

"நன்றி. இந்த ஆராய்ச்சி மறதிக்கு மருந்து கண்டுபிடிக்குதோ இல்லையோ, எனக்கு மறதியைக் கண்டுபிடிச்சிடுச்சு." டாக்டர் நேராக விஷயத்துக்கு வந்தார். "என் கேள்வித்தாள் வெளியே போகுது. யார் மூலமான்னு நாளைக்குள்ள தெரியணும்."

புது மாத்திரை ஒன்றை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் சர்க்கரை. யாருக்கு எது என்பது டாக்டருக்கே தெரியாது. ஆராய்ச்சி முடிகிற வரைக்கும் அது முத்திரை வைத்த உறையில் கிடக்கும். அவ்வப்போது அழைத்துக் கேள்வி கேட்டு ஞாபகத்தை அளப்பார்கள். அடுத்த வாரம் நடுவில் ஒரு கணக்கெடுப்பு. பலன் தெரியாதவர்களுக்கு அத்துடன் மாத்திரை நின்றுவிடும்.

"எலிகளுக்கு நல்லாவே வேலை செய்யுது," என்றார் டாக்டர். "எலிகள் மத்தியில எனக்குக் கோயில்தான் கட்டலை. மனுஷங்கதான் கவுத்துடறாங்க. இத்தனை வருஷத்துல ஞாபகத்துல மேல ஏறினது ஒரே ஒருத்தர். நாளன்னைக்கு மாநாட்டுல அவரை வெச்சுத்தான் பேசப் போறேன். பேசினா ஆராய்ச்சி தொடரும். பேசின பிறகு அது மோசடின்னு தெரிஞ்சா, நான் எலிகளோட சேர்ந்து கூண்டுக்குள்ள உக்கார வேண்டியதுதான்."

"ஏறினா சந்தோஷம்தானே? எதுக்கு சந்தேகம்?" என்றார் ராஜாளி.

டாக்டர் அந்த ஒருவருடைய நான்கு காகிதங்களையும் பக்கத்தில் மற்றவர்களுடையதையும் வரிசையாக வைத்தார். கடிகாரம் வரையச் சொல்லும் சோதனை. மற்ற நோயாளிகளின் கடிகாரங்களில் எண்கள் எல்லாம் பேருந்தில் ஏறப்போகிற கூட்டம் மாதிரி ஒரே பக்கம் முண்டியடித்தன. இந்த மனிதருடைய வட்டம் கச்சிதமாக இருந்தது. முதல் தடவை முள்ளும் இல்லை, ஏழாம் எண்ணும் இல்லை. அடுத்த தடவை ஏழு வந்திருந்தது, முள் வரவில்லை. அதற்கடுத்து முள்ளும் வந்தது, ஆனால் சின்னது பெரியது மாறியிருந்தது. கடைசியில் எல்லாம் சரி, நிமிடம் மட்டும் கொஞ்சம் தள்ளி.

"மாடிப்படி மாதிரி ஏறுறார்," என்றார் டாக்டர். "மூளை அப்படி ஏறாது. அது ஆடு மாதிரி ஏறும். ரெண்டடி மேல, ஓரடி கீழ, நடுவுல நின்னு இலை தின்னும்."

ராஜாளி அடுத்த தாளை எடுத்தார். சில சொற்களைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்கும் சோதனை. சொல்ல முடியாத இடத்தில் எல்லாம் அந்த மனிதர் 'தெரியவில்லை' என்று மட்டும் சொல்லியிருந்தார்.

"டாக்டர், துப்பறியறதுல நான் சுமார்தான். மறதியில அனுபவஸ்தன். போன வாரம் ஒருத்தர் தெருவுல நிறுத்தி, 'என்னை ஞாபகம் இருக்கா'ன்னார். சத்தியமா இல்ல. ஆனா சும்மா இருந்தேனா? 'உங்களை மறக்க முடியுமா, அம்மா சௌக்கியமா'ன்னு கேட்டேன். அம்மா தவறிப் பத்து வருஷம் ஆச்சாம்."

"அவர் நம்ம ஆபீஸ் கட்டடத்தோட சொந்தக்காரர், பாஸ்," என்றாள் ஊசி.

"அப்படியா? பாக்க சாதுவா இருந்தாரே. விஷயம் என்னன்னா டாக்டர், நிஜமா மறந்தவன் ஓட்டையை அப்படியே விடமாட்டான். கையில கிடைச்சதை வெச்சு அடைப்பான். இந்த மத்தவங்க தாளைப் பாருங்க. குதிரைன்னு சொன்னதுக்கு ஒருத்தர் கழுதைங்கறார், ஒருத்தர் மச்சான் பேரைச் சொல்றார். உங்க அதிசய மனுஷர் மட்டும் ஓட்டையை விளிம்பு வெட்டி, சுத்தம் பண்ணி விட்டிருக்கார்."

டாக்டர் அந்தத் தாளைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"கேள்வித்தாள் கசிஞ்சா சரியான விடை வரும்," என்றார் ராஜாளி. "இவர் பாத்துப் பாத்துத் தப்பு பண்ணியிருக்கார். உங்க ஆளுங்க யாரையும் சந்தேகப்படாதீங்க. இவருக்கு மூளைப் படம் எடுத்தீங்களா?"

"படம் எடுக்கற இயந்திரம் பெரிய ஆஸ்பத்திரியில. கெஞ்சிக் கூத்தாடி தேதி வாங்குவோம். அன்னைக்கு இவருக்கு ஜுரம் வந்துடும்."

"கேள்வி கேக்கற நாள்ல?"

டாக்டர் கோப்பைப் புரட்டினார். "ஒரு நாளும் வந்ததில்ல."

"புத்திசாலி ஜுரம்," என்றாள் ஊசி.

மறுநாள் காலை அந்த அதிசய மனிதரின் தெருமுனையில் ஸ்கூட்டருடன் காத்திருந்தார்கள். பெரியவர் நல்ல உயரம், பனைமரம் வேட்டி கட்டிக்கொண்டு நடப்பது போல. பணி ஓய்வு பெற்றவர் என்பதற்கு மேல் டாக்டரின் கோப்பில் எதுவும் இல்லை. கையில் பையுடன் கிளம்பினார்.

"ஏன் பாஸ் ஒருத்தர் மறதின்னு நடிக்கணும்?" ஊசி பின்னிருக்கையிலிருந்து கேட்டாள். "என் பழைய வேலையில முதுகுவலி நடிச்சவங்க ஆயிரம் பேரு. கால் நொண்டினவங்க நூறு பேரு. மறதி நடிச்சவங்க இல்லவே இல்ல. பணம் வாங்கப் போறப்ப ஞாபகம் வேணுமே."

"அதான் கேள்வி. பேசாம வா."

பெரியவர் குறுக்குச் சந்தில் நுழைந்து ரொட்டிக்கடைக்கு வந்தார். மீதிச் சில்லறையைப் பார்க்காமலே பைக்குள் போட்டுவிட்டு, நான்கு அடி நடந்து, திரும்பி வந்து, குறைகிறது என்று கேட்டு வாங்கினார். விளக்குக் கடையில் பல்பு ஒன்றை எரியவிட்டுப் பார்த்து வாங்கினார். ராஜாளி வண்டியை ஒரு கம்பத்துக்குப் பின்னால் நிறுத்தினார். கம்பம் ஒல்லி. அவர் அப்படியில்லை.

நாலாவது திருப்பத்தில் பெரியவர் நின்றார். திரும்பி நேராக ஸ்கூட்டரிடம் வந்தார்.

"ஐயா, பின்னாடி வர்றது உங்க இஷ்டம். ஆனா கை காட்டாம திரும்பறீங்க. ஒரு தடவைகூடக் கண்ணாடியப் பாக்கலை. அந்த முனையில வேகத்தடை இருக்கு, அதுல ஏறின விதத்துல இந்தப் பொண்ணு பல்லு ஆடியிருக்கும். நான் இருந்த காலமா இருந்தா உங்களுக்கு லைசென்ஸே கெடைச்சிருக்காது."

"லைசென்ஸ் கொடுக்கறவரா நீங்க?" என்றார் ராஜாளி.

"தேர்வாளர். பணிக்காலம் முழுக்க ஜனங்க வண்டி ஓட்டறதைப் பக்கத்துல உக்காந்து பாத்தவன். நேத்து டாக்டர் ரூமுக்கு நீங்க மாடி ஏறினதையும் பாத்தேன், கீழ் ஹால்ல உக்காந்திருந்தேன். அப்ப பழுப்புச் சட்டை. இந்தப் பொண்ணு இன்னைக்கு முக்காடு போட்டு வந்திருக்கு, செருப்பை மாத்த மறந்துடுச்சு."

முதலில் ஊசிக்குத்தான் உறைத்தது.

"பாஸ்," என்றாள் மெதுவாக. "நாம மாட்டிக்கிட்டோம். ஆனா பிடிபட்டது அவரு."

பெரியவரின் முகம் வெளுத்தது. மறதிக்கு மருந்து சாப்பிடுகிற மனிதர், நேற்றைய சட்டையின் நிறத்தையும் இன்றைய செருப்பையும் நடுத்தெருவில் ஒப்பித்திருந்தார். இத்தனை வருஷத் தொழிலில் பின்தொடர்ந்தவரிடம் மாட்டிக்கொண்டு ராஜாளி சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை. மாட்டிக்கொண்டது முதல் தடவை இல்லை.

"ரொம்ப வருஷப் பழக்கம்," என்றார் தேர்வாளர், தரையைப் பார்த்து. "தப்பா ஓட்டறவனைப் பாத்தா வாய் நிக்காது." பிறகு நிமிர்ந்தார். "டாக்டர்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி ஒரு தடவை வீட்டுக்கு வாங்க. என் மனைவிகிட்ட மட்டும் எதையும் சொல்லாதீங்க. ஆராய்ச்சி நிலையத்துலேர்ந்து வீடு பாக்க வந்தோம்னு சொல்லுங்க."

வீடு முதல் மாடியில். தேர்வாளர் நிலைப்படியில் தலையைக் குனிந்து நுழைந்தார். உள்ளே சுவரெல்லாம் சீட்டு. 'டம்ளர் இங்கே.' 'அடுப்பை அணைத்தாயிற்றா?' 'சாவி கைப்பைக்குள்.' கட்டை எழுத்தில், அடிக்கோடு போட்டு. ராஜாளி ஒவ்வொன்றையும் படிக்கக் குனிந்தார். அவர் முதுகு ஆட்சேபித்தது.

சமையலறையிலிருந்து தேர்வாளரின் மனைவி வந்தார். கணவரின் மார்பு உயரம். கண்ணில் கூர்மை, குரலில் மணி.

"வாங்க, உக்காருங்க. சீட்டைப் பாக்கறீங்களா? எல்லாம் இவருக்காக. இல்லேன்னா சமையலறைக்கு வழி தெரியாது, பாவம்." கணவரின் கையிலிருந்து பையை வாங்கினார். "ரொட்டி வாங்கினீங்களா, இல்ல மறுபடியும் வெறும் பையைக் காத்து வாங்கக் கூட்டிட்டுப் போனீங்களா?"

"வாங்கினேன்."

"அதிசயம்தான்." அவர் விருந்தினர்களிடம் திரும்பினார். "நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல இருந்தவ. ஊரு நம்பர் பூரா நாக்குல இருக்கும். தீயணைப்பு நிலையத்துப் பழைய நம்பர் கேளுங்க, சொல்றேன்." கேட்காமலே சொன்னார். ரயில் நிலையத்தையும் மூன்று ஜவுளிக்கடைகளையும் சேர்த்துச் சொன்னார். "எனக்குப் போய் இப்படி ஒரு புருஷன். எலும்பு இல்லாத நாக்கு மாதிரி, நிக்க மாட்டேங்குது ஞாபகம்."

பிறகு ஊசியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ எப்ப வந்தே, கண்ணு? உன்னை மறக்க முடியுமா? அம்மா சௌக்கியமா?"

ஊசி இந்த வீட்டுப்படியை மிதிப்பது இதுதான் முதல் தடவை.

ராஜாளி சட்டென்று நிமிர்ந்தார். அது அவருடைய வசனம். அவருடைய ஓட்டை, அவர் அடைக்கும் அதே துணி. எதிரே அந்த அம்மாள் சிரித்த முகமாக நின்றார், பதிலுக்குக் காத்து. அவர் கண்ணுக்கு நேராக, குனியாமல் படிக்கும் உயரத்தில், 'சாவி கைப்பைக்குள்' என்ற சீட்டு இருந்தது. பனைமர உயரத் தேர்வாளர் அதைப் படிக்க முழங்காலை மடக்க வேண்டும். அவரிடம் கைப்பையும் கிடையாது.

"சௌக்கியம்மா," என்றாள் ஊசி. அவள் குரலில் கிண்டல் எதுவும் இல்லை. "உங்களை ரொம்ப விசாரிச்சாங்க."

அலமாரியிலிருந்து ஆராய்ச்சி நிலையத்தின் வெள்ளைப் புட்டியை எடுத்து, தேர்வாளரின் மனைவி ஒரு மாத்திரையைத் தானே வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். "கூட வர்றவங்களுக்குச் சத்து மாத்திரையாம். நல்ல டாக்டரம்மா. பாத்துக்கறவங்களை யாரு பாத்துக்கறா சொல்லுங்க."

பின்பக்கத் துணி காயும் மாடத்தில், ஈரப் போர்வை ஒன்றின் மறைவில், தேர்வாளர் பேசினார்.

"மொதல்ல அவளைத்தான் வேற ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். இன்னைக்கு என்ன கிழமைன்னு கேட்டார். 'காலண்டர் வாங்க வக்கில்லாதவன்கிட்ட என்ன வைத்தியம்'னு எழுந்து வந்துட்டா. அப்புறம் எங்கேயும் வரலை. ஞாபகம்தான் அவளுக்கு மானம். இந்த ஆராய்ச்சி பத்திக் கேள்விப்பட்டேன். நோயாளியா அவ வரமாட்டா. நான் வந்தா, துணைக்கு வருவா."

"அதனால நீங்க ஃபெயில் ஆனீங்க," என்றார் ராஜாளி.

"எப்படி ஃபெயில் ஆவாங்கன்னு என்னைவிட யாருக்குத் தெரியும்? பலன் தெரியலேன்னா மாத்திரை நின்னுடும்னாங்க. அதனால கொஞ்சம் கொஞ்சமா பாஸ் ஆனேன்."

"அங்கதான் மாட்டினீங்க. நிஜமான ஃபெயிலுக்கு ஒரு ஒழுங்கு இருக்காது சார். என் வாழ்க்கையைப் பாருங்க."

தேர்வாளர் சிரிக்க முயன்றார். முடியவில்லை.

"சார், அது சர்க்கரை மாத்திரையா இருந்தா?" என்று ஊசி கேட்டாள்.

"இருக்கலாம். பாதிக்குப் பாதி வாய்ப்பும்மா. அதுக்கு முன்னாடி என் கையில இருந்தது பூஜ்யம்." போர்வையின் ஓரத்தைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "டாக்டர்கிட்ட சொல்லாதீங்கன்னு கேக்க எனக்கு வாய் வரலை. சொன்னா அவளுக்கு மாத்திரை நின்னுடும். அதுவும் தெரியும்."

ராஜாளிக்குத் தொழில் தர்மம் தெரியும். அதைப் பலமுறை தொலைவிலிருந்து பார்த்திருக்கிறார். சொல்லாவிட்டால் நாளை மாநாட்டில் ஒரு பொய் மேடையேறும். அதை நம்பி எத்தனையோ வீடுகளில் மாத்திரை விழுங்குவார்கள். அவர் டாக்டருக்குப் போன் செய்தார்.

டாக்டர் குறுக்கிடாமல் முழுவதையும் கேட்டார்.

"ஆக, என்னோட அதிசயம்…"

"நடிப்பு, டாக்டர்."

"எலிகளோடயே இருந்திருக்கலாம். அதுங்க பொண்டாட்டிக்காகப் பொய் சொல்லாது." ஒரு பெருமூச்சு. அடுத்த நொடி குரல் மாறிவிட்டது. "அந்த அம்மா வேற என்ன மாத்திரை சாப்பிடறாங்க? நடை தள்ளாடுதா? தலைவலி உண்டா? மொதல்ல அந்தப் புட்டியை வாங்கி வெச்சுக்கங்க. ஒருத்தருக்கு அளந்த மருந்தை இன்னொருத்தருக்குக் கொடுக்கறது மனைவி மேல வெக்கற பாசமில்ல, பரீட்சை. நாளைக்குக் காலையில, நான் மாநாட்டுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி கூட்டிட்டு வரச் சொல்லுங்க. படம் எடுக்கத் தேதி வாங்கி நானே கூடப் போறேன்."

"துணைக்கு வர்றவங்களுக்கும் சோதனைன்னு சொல்லிக் கூட்டிட்டு வரட்டுமா?" ஊசி போனை எட்டிப் பிடித்துக் கேட்டாள். "பெருமையா வருவாங்க."

"கூடாது. ஏன் எதுக்குன்னு தெரிஞ்சு, அவங்களே கையெழுத்துப் போடணும். அவங்க மூளை, அவங்க முடிவு. ஆராய்ச்சியில இடம் கிடைக்கும்னு வாக்குக் கொடுக்க மாட்டேன். இடம் இல்லேன்னாலும் வைத்தியம் பாப்பேன். அதுக்கு வாக்குக் கொடுக்கறேன்."

"மாநாட்டுல என்ன பேசுவீங்க?" என்றார் ராஜாளி.

"வெறும் கேள்வியை வெச்சு மறதியை அளந்த முட்டாளை ஒரு லைசென்ஸ் தேர்வாளர் எப்படிக் கவுத்தார்னு பேசறேன். படம் எடுக்காம யாரையும் சேக்காதீங்கன்னு முடிக்கறேன். கைதட்ட மாட்டாங்க. ஆனா எழுதிக்குவாங்க."

போனை வைத்ததும், மனைவியிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டுமாம் என்று ராஜாளி தேர்வாளரிடம் சொன்னார். அவர் போர்வையை விட்டுவிட்டு நின்றார். ஆயிரக்கணக்கானவர்களிடம் முகத்துக்கு நேராக 'தேறவில்லை' என்று சொன்ன மனிதர். உள்ளே போகக் கால் வரவில்லை.

"நாங்க கீழ இருக்கோம்," என்றாள் ஊசி.

"வேண்டாம். இருங்க. யாராவது இருந்தா நான் பாதியில ஓடமாட்டேன்."

கூடத்தில் மனைவி ரொட்டியை டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தார். தேர்வாளர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் இருவர் கண்ணும் ஒரே உயரத்துக்கு வந்தன.

"ஒண்ணு சொல்லணும். கோவப்படாம கேளு. எனக்கு மறதி இல்ல. எதுவும் இல்ல. எல்லாம் நடிச்சேன். அந்த மாத்திரை சத்து மாத்திரை இல்ல. உனக்காக வாங்கினது. மறக்கறது நீதான்."

ரொட்டித் துண்டு ஒன்று டப்பாவுக்கு வெளியே விழுந்தது. ராஜாளி சுவரைப் பார்த்தார். ஊசி ராஜாளியின் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள். அவளுக்கே தெரிந்திருக்காது.

"உங்களுக்கு ஒண்ணும் இல்லயா?" என்றார் மனைவி.

"இல்ல."

"நிஜமாவா? டாக்டர் சொன்னாங்களா?"

"நிஜமா. நான் கல்லு மாதிரி இருக்கேன்."

அந்த அம்மாள் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் ராஜாளி நினைத்தார். துப்பறிகிறவருக்கு அதுவும் தப்பு. கையை எடுத்தபோது அந்த அம்மாள் சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணெல்லாம் தண்ணீராக.

"பாவி மனுஷா. நீங்க என்னை மறந்துட்டா என்ன பண்றதுன்னு நான் எப்படி பயந்தேன் தெரியுமா? ரொட்டி டப்பா மாதிரி என்னையும் எங்கயோ வெச்சுட்டுத் தேடுவீங்கன்னு." அவர் கணவரின் தோளில் ஓர் அறை வைத்தார், வலிக்கிற மாதிரியே.

"நான் சொன்னது காதுல விழுந்துச்சா? உனக்குத்தான்…"

"விழுந்துச்சு." சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. "படுத்துக்கிட்டு நம்பரெல்லாம் வரிசையா சொல்லிப் பாப்பேன். நடுவுல லைன் அறுந்துடும். மறுபடி போட்டா வேற எங்கயோ போகும். எனக்கு மட்டும் தெரியும்னு வெச்சிருந்தேன்."

"நாளைக்கு டாக்டர்கிட்ட போகணும். இந்தத் தடவை உனக்காக."

அவர் சீட்டுகள் ஒட்டிய சுவரை ஒரு சுற்றுப் பார்த்தார். "காலண்டர் இருக்கிற டாக்டர்தானே?"

"இருக்கு. நானே பாத்தேன்."

"நீங்க கூட வருவீங்கல்ல?"

"வருவேன்."

"அப்ப சரி."

ராஜாளி வெள்ளைப் புட்டியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். விடைபெற வேண்டிய நேரம். கதவுப்பக்கம் இரண்டடி வைத்திருப்பார். பின்னால் அந்த மணிக்குரல் தயங்கித் தயங்கி வந்தது. இப்போதுதான் நினைவுக்கு வந்த ஒரு பயத்தைக் கேட்கிறவர் போல.

"ஏங்க, உங்க மறதிக்கு டாக்டர் என்ன சொன்னாங்க?"

ஊசி கண்ணை மூடிக்கொண்டாள். தேர்வாளர் அவசரப்படவில்லை. விழுந்த ரொட்டித் துண்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, மனைவியின் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணும் இல்லயாம்."

"நிஜமாவா?"

"நிஜமா."

மறுபடியும் அதே முகம், அதே மலர்ச்சி, துளியும் குறையவில்லை. தேர்வாளர் அதை ஆசை தீரப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்த முறை எப்போது கேட்பாள் என்று காத்திருக்கிறவர் போல.